ஓடுகிற பிள்ளை வளரும்: உடப்புக் கரையிலிருந்து ஒரு பாடம்



கைக்குழந்தையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தாய்ப்பால், தடுப்பூசி, முதல் சோறு என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்கிறோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் பற்றியும் பேசுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, 3 வயதிலிருந்து 5 வயது வரையான பிள்ளையைப் பற்றி இந்தத் தடவை படிப்போம்.

இந்த வயதுப் பிள்ளை யாருடைய கணக்கிலும் சரியாகச் சேராத பிள்ளை. 2 வயது வரை மாதா மாதம் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறை பார்க்கிறோம். அதற்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒரு தடவைதான். ஊசியும் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலும் நின்றுவிடுகிறது. "இனிமே அவனே நடப்பான், அவனே அள்ளித் தின்பான், கஷ்டம் முடிஞ்சிருச்சு" என்று நாமும் ஒரு மூச்சு விட்டு, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் பிள்ளையின் உடம்பு அந்த இடத்தில் ஓய்வெடுப்பதில்லை. எலும்பு நீளுகிறது. தசை இறுகுகிறது. 5, 6 வயதாகும்போது பிள்ளையின் மூளை பெரியவர்களுடைய மூளை அளவில் சுமார் 90 வீதம் வளர்ந்துவிடுகிறது. நாம் பார்க்காமல் இருக்கிற வருடங்களில்தான் இவ்வளவு வேலையும் நடக்கிறது.

உடப்பு எங்கே, நாம் எங்கே?

இந்தப் பாடத்துக்காக உங்களை மலையிலிருந்து கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று நடுவில் நீண்டு கிடக்கிற மணல் ஊர் உடப்பு. ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர் போன ஊர். தமிழ் பேசும் மீன்பிடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்ததாக அவர்கள் சொல்லுவார்கள். நம்ம முன்னோரும் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்தானே. அவர்கள் கரையில் நின்றார்கள், நாம் மலை ஏறினோம்.

இன்றைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நம்ம கடையில் தொங்குகிற கருவாட்டிலும் நெத்தலியிலும் ஒரு பங்கு உடப்பு போன்ற கரைகளில் காய்ந்து வருவது. அங்கே முக்கியமான தொழில் கரைவலை. தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலில் அரை வட்டமாக விரித்து, இரண்டு பக்கக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு கூட்டமாக நின்று, அம்பாப் பாட்டுப் பாடி, அதன் தாளத்துக்குக் காலை ஊன்றி இழுப்பார்கள். வலை கிட்ட வர வர இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும். மீன் இருந்தால் எல்லோருக்கும் பங்கு. இல்லாவிட்டால் எல்லோருக்கும் வெறுங்கை.

அங்கே எல்லாம் நல்லது, இங்கே எல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கடல் கொந்தளிக்கும், வலை போடுவது குறையும், அடுப்பும் குறையும். அங்கேயும் தாய்மார் கருவாடு காயவைக்கிற வெயிலில் நிற்கிறார்கள். கடல் கரையில் சின்னப் பிள்ளையைத் தனியே விடவும் முடியாது. ஆனாலும் அந்தக் கரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய மூன்று காரியங்கள் உண்டு. ஒன்று, உடம்பை வளைத்துக் கூடி இழுக்கிற பழக்கம். இரண்டு, சின்ன மீன். மூன்று, உப்பு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"எங்க பரம்பரையே குட்டைதான்" என்பது சரியா?

லயத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. "அவ அம்மாவும் குட்டை, பாட்டியும் குட்டை. பிள்ளை மட்டும் எப்படி வளரும்?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 100க்கு சுமார் 32 பேர். அதாவது நம்ம பிள்ளைக் காம்பராவில் 9 பிள்ளைகள் இருந்தால், அதில் 3 பேர் வளரவேண்டிய அளவு வளரவில்லை என்று பொருள்.

இது இரத்தத்தில் வந்ததா? உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து பார்த்தது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என்பவை அந்த நாடுகள். நல்ல சாப்பாடு, தாய்ப்பால், சுத்தமான சூழல், வைத்திய வசதி எல்லாம் கிடைத்த பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். அந்த வயதில் ஆறு நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். இந்தியப் பிள்ளை குட்டை, நோர்வேப் பிள்ளை நெட்டை என்று வரவில்லை. 2006இல் வெளியிடப்பட்ட அந்த அளவுதான் இன்றைக்கு உங்கள் பிள்ளையின் கிளினிக் அட்டையில் கோடாக வரையப்பட்டிருக்கிறது.

ஆகவே, பாட்டி குட்டையாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பாட்டி பிள்ளையாக இருந்தபோது அவருக்கும் போதிய சாப்பாடு கிடைத்திருக்காது. வயிற்றுப்போக்கும் பூச்சியும் சளியும் அடிக்கடி வந்திருக்கும். அந்தப் பாட்டி பெற்ற பிள்ளை நிறை குறைவாகப் பிறந்திருக்கும். இப்படி ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. அதைப் பரம்பரை என்று பெயர் வைத்து விட்டுவிட்டால் நம்ம பேரப்பிள்ளையையும் அது பிடிக்கும். 2 வயதுக்குள் விழுந்த உயரத்தை முழுதாக மீட்பது கடினம்தான். ஆனால் 3 வயதுக்கு மேலேயும் கவனித்தால் மேலும் விழாமல் தடுக்கலாம். ஓரளவு எட்டிப் பிடிக்கவும் செய்யலாம்.

ஓடி விளையாடுவது வீண் வேலை இல்லை

"சும்மா ஓடாதே, விழுந்திருவ, ஒரு இடத்துல உட்காரு!" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்லுகிறோம்? பயத்தில்தான் சொல்லுகிறோம். லயத்து வாசலுக்கு அப்பால் சரிவு, காண், றோட்டு. மழை பெய்தால் வழுக்கல். உடப்புப் பிள்ளைக்கு விழுந்தாலும் மணல், நம்ம பிள்ளைக்குக் கல். பயம் நியாயம்தான். ஆனால் உட்கார வைத்தே வளர்த்தால் பிள்ளைக்கு வேறு விதத்தில் கேடு.

ஓடும்போதும் குதிக்கும்போதும்தான் எலும்புக்குப் பாரம் விழுகிறது. பாரம் விழுகிற எலும்புதான் பலப்படும். ஏறி இறங்கும்போது கணுக்காலும் முழங்காலும் நிதானம் படிக்கின்றன. பந்து எறியும்போது கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற கை அது. நன்றாக ஓடிய பிள்ளைக்குப் பசி எடுக்கும், இராத்திரி நல்ல தூக்கம் வரும். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளில் பல பேர் நாள் முழுதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது. 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 3 மணித்தியாலமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். அதில் 1 மணித்தியாலமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டம், குதிப்பு இருக்க வேண்டும். ரி.வி.யும் போனும் 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. 3 மணித்தியாலத்தையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், பின்னேரம் அம்மா வந்த பிறகு கொஞ்சம் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வயதில் என்ன செய்ய வேண்டும்? வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

3 வயதில்: ஓடும். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். படியில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து ஏறும். பந்தைத் தூக்கி எறியும், காலால் உதைக்கும்.

4 வயதில்: ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்கும். நொண்டி அடிக்கத் தொடங்கும். பெரிய பந்தை எறிந்தால் அநேகமாகப் பிடித்துக்கொள்ளும். 

5 வயதில்: ஒற்றைக் காலில் பல தடவை தத்தித் தத்திப் போகும். உடுப்பைத் தானே போட்டுக்கொள்ளும், பொத்தான் பூட்டும்.

ஒரு பிள்ளை கொஞ்சம் முன்னே, ஒரு பிள்ளை கொஞ்சம் பின்னே இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒத்த வயதுப் பிள்ளைகள் செய்கிற பல காரியங்களை ஒரு பிள்ளை செய்யாவிட்டாலும், முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாலும், அடிக்கடி விழுந்தாலும், கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும் மறைத்து வைக்காதீர்கள். "சாமி குறை" என்று ஒதுங்காதீர்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் காட்டினால் செய்யக்கூடியது நிறைய உண்டு.

பிள்ளைக் காம்பராவில் ஒரு கரைவலை

உடப்புக் கரையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளக்கூடியது இதோ. செலவே இல்லாத ஒரு விளையாட்டு.

தேவையானவை: இரண்டு பழைய சேலை, ஒரு சுத்தமான சாக்கு, கொஞ்சம் காய்ந்த இலை. உரச் சாக்கும் மருந்து வந்த சாக்கும் கூடாது.

செய்யும் முறை: சாக்கில் இலையை நிரப்பி வாயைக் கட்டுங்கள். அதுதான் மடி. சாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சேலையைக் கட்டுங்கள். அவைதான் கயிறு. சாக்கை வாசலின் ஒரு ஓரத்தில் வையுங்கள். பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, மறு ஓரத்தில், ஒரு கூட்டத்துக்கு ஒரு சேலையாகப் பிடிக்கக் கொடுங்கள். பாட்டு உங்களுக்குத் தெரிந்ததே போதும். ஒரு வரி நீங்கள் பாட, பிள்ளைகள் திருப்பிச் சொல்லி, சொல்லும்போது இழுக்க வேண்டும். வரி முடிந்தால் நிற்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் பக்கத்தில் வர வேண்டும். மடி வந்து சேர்ந்ததும் இலை மீன்களை எண்ணிப் பங்கு பிரிக்கலாம்.

இது கயிறிழுத்தல் போட்டி இல்லை. யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. இரண்டு கூட்டமும் சேர்ந்தால்தான் மடி நேராக வரும். இழுக்கும்போது கை, தோள், முதுகு, தொடை எல்லாம் வேலை செய்கின்றன. பாடும்போது மூச்சு விரிகிறது. நிறுத்தும்போது அடக்கம் படிக்கிறார்கள். எண்ணும்போது கணக்கும் வருகிறது. கால் ஊனமான பிள்ளை இருந்தால் உட்கார்ந்தபடி இழுக்கட்டும், அல்லது பாட்டைத் தொடங்கி வைக்கட்டும். பொம்பளைப் பிள்ளை, ஆம்பளைப் பிள்ளை என்ற பேதம் வேண்டாம். இருவருக்கும் ஒரே எலும்புதான்.

இரண்டு எச்சரிக்கை: சேலையை இடுப்பிலோ கழுத்திலோ சுற்றவிடக் கூடாது, கையால் பிடிக்க மட்டும்தான். சமதரையில்தான் விளையாட வேண்டும். பிள்ளைக் காம்பராவைச் சுற்றி ஒரு சமதரை இல்லாவிட்டால், அதைக் கேட்டு வாங்குவது பெற்றோர் கூட்டத்தின் வேலை. காணுக்குப் பக்கம் ஒரு வேலி, மரத்தில் குளவிக் கூடு இருந்தால் அகற்றுவது, இவையும் அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவை.

தட்டில் என்ன இருக்கிறது?

4 வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. பெரியவர்கள் மாதிரி ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது. ஆகவே 3 நேரச் சாப்பாடும், இடையில் 2 தடவை சின்னச் சாப்பாடும் வேண்டும். நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? காலையில் ரொட்டியும் சாயத் தண்ணியும். பகலில் மிச்ச ரொட்டி அல்லது சோறு. இராத்திரி சோறு, ஒரு கறி. வயிறு நிறைகிறது. ஆனால் கோதுமை மாவாலும் சோற்றாலும் மட்டும் எலும்பும் தசையும் கட்ட முடியாது. 

இங்கேதான் உடப்பின் இரண்டாவது பொருள் வருகிறது: நெத்தலி. பெரிய மீன் வாங்க எல்லோராலும் முடியாது. மலைக்கு வந்து சேருவதற்குள் விலையும் ஏறிவிடும். காய்ந்த நெத்தலி கொஞ்சம் வாங்கினாலும் போதும். அதன் நிறையில் அரைவாசிக்கு மேல் புரதம். முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேருகிறது. 

நெத்தலிப் பொடி செய்யும் முறை: தலையையும் குடலையும் கிள்ளி எடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். உப்பும் மண்ணும் போகும். வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறு என்று வறுத்து, நன்றாக இடித்துச் சலியுங்கள். முள் தங்கக் கூடாது. மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள். பிள்ளையின் சோற்றில் அல்லது பருப்பில் ஒரு தேக்கரண்டி கலந்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ விட்டுப் பிசைந்து கொடுங்கள். ரொட்டி மாவிலும் சேர்த்துப் பிசையலாம். உப்புக் கருவாட்டை அப்படியே சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அதில் உப்பு மிக அதிகம்.

மீன் சாப்பிடாத வீடுகளில் பருப்பு, கௌபி, பயறு, கடலை, சோயா இருக்கின்றன. முட்டை கிடைக்கிற நாளில் முதல் பங்கு பிள்ளைக்கு. லயத்துக் கொல்லையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, பூசணி, பப்பாசி போடலாம். திரிபோஷ 1973 முதல் நம்ம நாட்டில் கொடுக்கப்படுகிறது. சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல மா. நிறை குறைந்த பிள்ளைக்கு என்று கிளினிக்கில் கொடுத்தால் அது அந்தப் பிள்ளையின் மருந்து மாதிரி. வீட்டில் 6 பேருக்கும் பங்கு போட்டால் ஒருவருக்கும் பலன் இல்லை.

தேத்தண்ணியைப் பற்றி

இதைச் சொல்ல எங்களுக்கே சங்கடம்தான். நாம் பறிக்கிற கொழுந்து, நம்ம வயிற்றுப் பிழைப்பு. ஆனாலும் உண்மையை மறைக்க முடியாது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பெருமளவு தடுக்கிறது. கீரையும் பருப்பும் கொடுத்துவிட்டு, கையோடு சாயத் தண்ணியும் கொடுத்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த மாதிரி. இரும்பு குறைந்தால் இரத்தம் குறையும். பிள்ளை வெளிறிப் போகும், சீக்கிரம் களைக்கும், விளையாட மனம் வராது, படிப்பில் கவனம் நிற்காது. 

ஆகவே 5 வயது வரை தேத்தண்ணி வேண்டாம். கேட்டு அழுதால் கொதித்து ஆறிய தண்ணி, சோற்றுக் கஞ்சி, முடிந்தால் பால் கொடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி என்று புளிப்பான ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். பெரியவர்களும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் 1 மணித்தியாலம் விட்டால் நல்லது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள்.

உப்பைக் கழுவாதீர்கள்

மூன்றாவது, உப்பு. உடப்பு இருக்கிற அதே புத்தளம் மாவட்டத்தில்தான் பெரிய உப்பளங்கள் இருக்கின்றன. கடலில் இருந்து தூரமான மண்ணில் விளையும் சாப்பாட்டில் அயடின் குறைவு. அயடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். சின்னப் பிள்ளைக்கு வளர்ச்சியும் புத்தியும் மந்தப்படும். அதனால்தான் 1995இல் நம்ம நாட்டில் உப்பில் அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். 

கட்டி உப்பை வாங்கிக் கழுவி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கழுவினால் அயடின் தண்ணியோடு போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாலும், ஈரம் பட்டாலும் குறைந்துவிடும். அயடின் கலந்தது என்று எழுதிய பைக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். மூடி வையுங்கள். கறி இறக்கப் போகும்போது போடுங்கள். அதிகம் போட வேண்டாம், அளவாகப் போட்டாலே போதும்.

தூக்கமும் சுத்தமும்

3, 4 வயதுப் பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பிள்ளை வளர்வதற்கு உதவுகிற சுரப்பு நல்ல தூக்கத்தில்தான் அதிகமாகச் சுரக்கிறது. பிரட்டுக்கு முன்பு பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டியிருப்பதால் காலை 6 மணிக்கு எழுப்புகிறோம். அப்படியானால் இராத்திரி 8 மணிக்குள் படுக்க வேண்டும். ஒரே காம்பராவில் ரி.வி. 10 மணி வரை ஓடினால் பிள்ளை எப்படித் தூங்கும்? நாடகம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தத்தைக் குறையுங்கள், விளக்கை மறையுங்கள். அடுப்புப் புகை படுக்கிற இடத்துக்கு வராமல் பாருங்கள். புகை மூக்கில் ஏறிய பிள்ளைக்குச் சளி விடாது.

சாப்பாடு கொடுத்தும் நிறை ஏறாவிட்டால், அந்தச் சாப்பாட்டை வேறு யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம். கொக்கிப் புழு நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் உயிரோடு இருந்து, வெறும் காலின் வழியாக உடம்புக்குள் போகும். உள்ளே இருந்து இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளைக்கு ஒரு சோடி செருப்பு வாங்குங்கள். கக்கூசைப் பாவியுங்கள். பீலித் தண்ணியைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். சாப்பிடும் முன்னும் கக்கூசுக்குப் போய் வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். கிளினிக்கில் சொல்லுகிற தவணைக்குப் பூச்சி மருந்தும் விற்றமின் ஏ-யும் கொடுங்கள்.

அட்டையைப் பாருங்கள்

பிள்ளையின் வளர்ச்சி அட்டை பெட்டிக்குள் பூட்டி வைக்கிற பத்திரம் இல்லை. வாசித்துப் பார்க்க வேண்டியது. ஒரு சராசரிக் கணக்கை நினைவில் வையுங்கள். 3 வயதில் சுமார் 14 கிலோ, 95 சென்ரிமீற்றர். 4 வயதில் சுமார் 16 கிலோ, 103 சென்ரிமீற்றர். 5 வயதில் சுமார் 18 கிலோ, 110 சென்ரிமீற்றர். வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோவும் 7 சென்ரிமீற்றரும் கூடுகிறது.

இந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் பிள்ளைக்கு நோய் என்று அர்த்தம் இல்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். பச்சையில் ஏறிக்கொண்டு போனால் சந்தோஷம். கோடு படுத்தாலும், செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தாலும், "அடுத்த கிளினிக்கில் பார்ப்போம்" என்று தள்ளிப்போட வேண்டாம். 3 மாதம் என்பது அந்த வயதில் நீண்ட காலம். நிறையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அரை நாள் பேர் போகுமே என்ற கவலை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் கிளினிக் நாளை எல்லோரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

கரைவலையை ஒரு ஆள் இழுக்க முடியாது. ஒரு பக்கக் கயிறு மட்டும் வந்தால் வலை சரிந்து மீன் எல்லாம் ஓடிவிடும். பிள்ளை வளர்ப்பதும் அப்படித்தான். காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையை விட்டு, மலையில் நின்று கொழுந்து பறித்து, பின்னேரம் தண்ணி தூக்கி, மறுபடி சமைக்கிற தாய் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். மறு கயிறு உங்கள் கையில். வேலை விட்டு வந்ததும் அரை மணித்தியாலம் பிள்ளையோடு பந்து எறியுங்கள். சம்பள நாளில் தவறணைப் பக்கம் திரும்பும் முன் கால் கிலோ நெத்தலியும் ஒரு சோடி சின்னச் செருப்பும் வாங்குங்கள். கிளினிக்குக்கு ஒரு தடவை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். 

கூடிப் பேசுவோம்

பிள்ளைக் காம்பராவில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நேற்று உங்கள் பிள்ளை எத்தனை மணித்தியாலம் ஓடி விளையாடியது? எத்தனை மணித்தியாலம் ரி.வி. அல்லது போன் பார்த்தது?

2. நம்ம லயத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் ஓட ஒரு சமதரை உண்டா? இல்லாவிட்டால் எங்கே உண்டாக்கலாம், யாரிடம் கேட்பது?

3. பிள்ளை காலையில் என்ன குடிக்கிறது? சாயத் தண்ணிக்குப் பதில் என்ன கொடுக்கலாம்?

4. வீட்டில் உப்பை எப்படி வைக்கிறோம்? எப்போது கறியில் போடுகிறோம்?

5. உங்கள் பிள்ளையின் அட்டையில் கடைசி மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா, இறங்குகிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். 5 வயதில் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிற நம்ம பிள்ளை, நேராக நிமிர்ந்து, கால் ஊன்றி நிற்கட்டும். இருக்கிற இரண்டு வருடத்தில் அதற்கு வேண்டியதைச் செய்வோம்.